ஈரச் சுவரில் பிறந்த தொழில்

பூஞ்சைக்கு வயது பல கோடி ஆண்டுகள். வீட்டுச் சுவரில் படர்ந்த பூஞ்சையை அகற்றித் தருவதற்கென்றே ஆள், கருவி, லைசென்ஸ் எல்லாம் வைத்து நடத்தும் தொழிலுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இன்று அமெரிக்காவில் ஒரு வீட்டில் குழாய் வெடித்துச் சுவர் நனைந்தால், வீட்டுக்காரர் முதலில் பிளம்பரைக் கூப்பிடுகிறார். அடுத்துக் கூப்பிடுவது இந்தத் தொழில்காரரை. அவருடைய ஆட்கள் வந்து சுவரை அறுக்கிறார்கள், பிளாஸ்டிக் திரை கட்டுகிறார்கள், காற்றை வடிகட்டுகிறார்கள், ஈரம் போகும்வரை இயந்திரங்களை ஓட்டுகிறார்கள்.

இந்தத் தொழிலைக் கண்டுபிடித்தவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. சுவர் மாறியது, எண்ணெய் விலை ஏறியது, புத்தம் புதிய நீதிமன்றங்கள் காலியாயின, கைக்குழந்தைகள் நோயில் விழுந்தார்கள், இன்ஷூரன்ஸ் பணம் பாய்ந்தது, கடைசியில் சட்டம் வந்தது. இத்தனையும் சேர்ந்துதான் அதைப் பெற்றெடுத்தன. அச்சத்தில் பிறந்த ஒரு தொழில், தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்ட பிறகுதான் நாணயமான தொழிலாக நிலைத்தது. இந்தக் கதையை நான் சொல்ல நினைத்ததற்குக் காரணம் அதுதான்.

பார்ப்பவர் வேறு, பெயர்ப்பவர் வேறு

தொழில் புதிது என்றாலும் வேலை பழையது. பைபிளின் பழைய ஏற்பாட்டில், லேவியராகமத்தின் 14-ஆம் அதிகாரம் வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவிழுந்த கறை தெரிந்தால் என்ன செய்யவேண்டும் என்று விதிக்கிறது. வீட்டுக்காரர் ஆசாரியரிடம் போய்ச் சொல்லவேண்டும். அவர் வருவதற்கு முன்பே வீட்டிலுள்ள பொருள்களை வெளியே எடுத்துவிட வேண்டும். ஆசாரியர் பார்த்துவிட்டு வீட்டை ஏழு நாள் அடைத்துவைப்பார். திரும்ப வந்து பார்க்கையில் கறை படர்ந்திருந்தால், அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே போடவேண்டும். உட்சுவரைச் சுற்றிலும் சுரண்டி அந்த மண்ணையும் வெளியே கொட்டவேண்டும். வேறு கல் வைத்து வேறு சாந்து பூசவேண்டும். அதற்குப் பிறகும் கறை வந்தால் வீட்டையே இடிக்கவேண்டும். வரவில்லை என்றால், வீடு சுத்தம் என்று சொல்லும் உரிமை ஆசாரியருக்கே உண்டு.

அந்தக் கறை பூஞ்சையாகத்தான் இருந்திருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். எதுவாக இருந்தாலும், அந்த விதியின் ஒழுங்கு வியப்பாக இருக்கிறது: பொருள்களை அகற்று, அடை, காத்திரு, பெயர்த்தெடு, தொலைவில் கொட்டு, மறுபடி வந்து பார். இன்றைய கையேடுகளும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் போகின்றன. இன்னொன்றும் அதில் இருக்கிறது. கறையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் ஆசாரியர். கல்லைப் பெயர்ப்பவர்கள் வேறு ஆட்கள். அமெரிக்கா இந்தப் பிரிவினையைச் சட்டமாக எழுதுவதற்கு 2003 வரை ஆனது.

காகிதம் ஒட்டிய சுவர்

1837-இல் ப்ராக் நகரத்து வீடு ஒன்றின் சுவர்த்தாளில் படர்ந்திருந்த ஒரு கரிய பூஞ்சையை ஆகஸ்ட் கோர்டா என்ற ஆய்வாளர் விவரித்துப் பெயரிட்டார். ஸ்டாக்கிபாட்ரிஸ் என்ற அந்தப் பூஞ்சைதான் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ‘கறுப்புப் பூஞ்சை’ என்று பேர் எடுக்கப்போவது. அதற்கு வேண்டியது இரண்டே: காகிதத்திலும் மரத்திலும் இருக்கும் செல்லுலோஸ், நாள்கணக்கில் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும் ஈரம்.

அந்தக் காலத்தில் அமெரிக்க வீடுகளின் உட்சுவர், மரப்பட்டிகளை வரிசையாக அடித்து அவற்றின்மேல் சாந்து பூசியதாக இருந்தது. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் வேர்பிடிக்காது. 1894-இல் அகஸ்டின் சாக்கெட் என்பவர், ஜிப்சம் மாவையும் காகிதத்தையும் அடுக்கடுக்காக வைத்துச் செய்த சுவர்ப்பலகைக்குக் காப்புரிமை பெற்றார். பிற்பாடு அது மேலும் கீழும் காகிதம், நடுவே ஜிப்சம் என்று எளிமையானது. இரண்டாம் உலகப்போர் முடிந்து படைவீரர்கள் ஊர் திரும்பியபோது லட்சக்கணக்கில் வீடுகள் அவசரமாகத் தேவைப்பட்டன. கொத்தனார் பூசிக் காயவைக்கும் சுவருக்கு வாரக்கணக்கில் ஆகும். பலகையை ஆணியடித்து நிறுத்தச் சில நாள் போதும். சாந்துச் சுவர் ஒழிந்தது, பலகைச் சுவர் வந்தது.

நம் ஊரில் ஓதம் ஏறிய செங்கல் சுவர் பொரிந்து உதிரும், கண்ணுக்குத் தெரியும். அமெரிக்கச் சுவருக்குள் வெற்றிடம் இருக்கிறது. மரச்சட்டங்கள் நிற்கின்றன, இடையில் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு, இருபுறமும் பலகை. உள்ளே குழாய் ஒழுகினால் பலகையின் பின்பக்கக் காகிதத்தில்தான் பூஞ்சை முதலில் படரும். முன்பக்கத்து வண்ணப்பூச்சு பளிச்சென்று இருக்கும். வீட்டுக்காரருக்குத் தெரியவருவது பெரும்பாலும் மூக்கால்தான்.

எண்ணெய்த் தட்டுப்பாடும் மூடிய ஜன்னலும்

இந்தச் சுவரோடு இன்னொன்றும் சேரவேண்டியிருந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. எரிபொருள் விலை ஏறியதும், கட்டடத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு மூச்சுக் காற்றும் பணமாகத் தெரிந்தது. இடுக்குகளை அடைத்தார்கள். திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல்களை வைத்தார்கள். அதுவரை ஓர் ஆளுக்கு நிமிடத்துக்குச் சுமார் 15 கன அடி வெளிக்காற்று வரவேண்டும் என்றிருந்த அளவுகோல் 5 கன அடிக்கு இறங்கியது. 1989-இல்தான் அமெரிக்க வெப்பமூட்டல், குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கம் அதை மறுபடி 15-க்கு உயர்த்தியது.

இடைப்பட்ட காலத்தில் கட்டிய அலுவலகங்களில் தலைவலி, கண்ணெரிச்சல், இருமல் என்று புகார்கள் குவிந்தன. புதிதாகக் கட்டிய, புதுப்பித்த கட்டடங்களில் 30 சதவீதம் வரைக்கும் இத்தகைய புகார்களுக்கு ஆளாகியிருக்கலாம் என்று 1984-இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று சொன்னது. மூடிய கட்டடத்துக்குள் குளிக்கிற, சமைக்கிற, மூச்சுவிடுகிற ஈரமெல்லாம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள் போய்ச் சேர்ந்தது.

ஃப்ளோரிடாவில் காலியான நீதிமன்றங்கள்

ஃப்ளோரிடா, வெப்பமும் ஈரமும் நிறைந்த மாநிலம். அங்கே போல்க் கவுண்டியிலும் மார்ட்டின் கவுண்டியிலும் 1980-களின் பிற்பகுதியில் புதிய நீதிமன்றக் கட்டடங்கள் எழுந்தன. சில ஆண்டுகளிலேயே ஊழியர்கள் நோயென்று விடுப்பு எடுக்கத் தொடங்கினார்கள். 1992-இல் இரண்டு கட்டடங்களையும் காலி செய்யவேண்டி வந்தது. வழக்குகளைத் தீர்க்கும் இடமே வழக்காகிப் போனது.

இதன் சூட்சுமத்தை அந்நாளில் ஃப்ளோரிடாவின் ஓட்டல்காரர்களும் அறிந்திருந்தார்கள். உள்ளே ஏசியின் குளிர். வெளியே நீராவி நிறைந்த வெக்கை. கட்டடத்திலிருந்து மின்விசிறிகள் வெளித்தள்ளும் காற்று, உள்ளே விடும் காற்றைவிட அதிகமானால், பற்றாக்குறைக் காற்றைக் கட்டடம் சுவர் இடுக்குகள் வழியே வெளியிலிருந்து இழுத்துக்கொள்ளும். அந்த ஈரக்காற்று குளிர்ந்த உட்பலகையின்மேல் பட்டு நீராகும். பலகையின்மேல் வினைல் சுவர்த்தாள் ஒட்டியிருந்தால் நீருக்கு வெளியேற வழியே இல்லை. காகிதம், பசை, ஈரம், இருட்டு, பூஞ்சைக்கு வேண்டிய அத்தனையும் அங்கே கூடின. சுவர்த்தாளை உரித்துப் பார்த்தால் பின்புறம் முழுக்கக் கறுப்பும் பச்சையும்.

சோப்பும் தண்ணீரும் கொண்டு துடைத்துத் தீர்க்கிற காரியம் இல்லை என்று அப்போது புரிந்தது. பலகையை உடைத்தால் கோடிக்கணக்கான பூஞ்சை வித்துகள் காற்றில் பறக்கும். ஓர் அறையில் இருந்த தொல்லை கட்டடம் முழுக்கப் பரவும். வித்து பரவாமல் உடைப்பது எப்படி?

கல்நார் வேலையில் கற்ற கை

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். 1986-இல் அமெரிக்கக் காங்கிரஸ், பள்ளிக்கூடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் இருக்கிறதா என்று சோதித்து நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று சட்டம் இயற்றியது. நுரையீரலை அறுக்கும் கல்நார் இழைகளைப் பறக்கவிடாமல் பெயர்க்கப் பழகிய ஒப்பந்ததாரர்கள் நாடெங்கும் உருவாகியிருந்தார்கள்.

அவர்களுடைய முறை இது. வேலைசெய்யும் இடத்தைச் சுற்றிக் கனமான பாலித்தீன் தாளைக் கட்டி அடைப்பார்கள். உள்ளிருக்கும் காற்றை ஓர் இயந்திரம் உறிஞ்சி, வடிகட்டி, குழாய்வழியே கட்டடத்துக்கு வெளியே விடும். அதனால் அடைப்புக்குள் காற்றழுத்தம் குறைந்தே இருக்கும். திரையில் ஓட்டை விழுந்தாலும் சுத்தமான பக்கத்துக் காற்றுதான் உள்ளே நுழையுமே தவிர, அழுக்குக் காற்று வெளியே வராது. வடிகட்டும் ஹெப்பா ஃபில்டர், 1940-களில் அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசியைப் பிடிப்பதற்காகப் பிறந்தது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். பூஞ்சை வித்துகள் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு பெரியவை.

இந்த முறையை அப்படியே பூஞ்சைக்குத் திருப்பினார்கள். பூஞ்சை நீக்கும் தொழிலுக்கு உடம்பு கிடைத்தது இங்கேதான் என்பேன். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அணு ஆலையிலிருந்து வடிகட்டியும், கல்நார் வேலையிலிருந்து திரையும் அழுத்தமும் வந்தன.

மூன்றாவதாக ஒரு கிளை, கம்பளம் வெளுக்கிறவர்களிடமிருந்து வந்தது. மேரியன் வேட் என்பவர் 1929-இல் சிகாகோவில் தொடங்கிய அந்துப்பூச்சித் தடுப்பு வேலை ‘சர்வீஸ்மாஸ்டர்’ என்று வளர்ந்தது. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் 1967-இல் வண்ணப்பூச்சு வேலையாகத் தொடங்கியது ‘சர்வ்ப்ரோ’. வெள்ளத்திலும் தீயிலும் பாழான வீடுகளைச் சுத்தம்செய்து தருவது இவர்களுடைய தொழிலாயிற்று. 1972-இல் கம்பளம் துப்புரவு செய்வோருக்குச் சான்றிதழ் தரத் தொடங்கிய ஓர் அமைப்பு, இன்று ஐஐசிஆர்சி என்று அறியப்படுகிறது. 1994-இல் நனைந்த கட்டடத்தை உலர்த்துவதற்கான எஸ்500 என்ற தர விதிகளை அது வெளியிட்டது. ஈரத்தை அளப்பது, காற்றின் ஈரப்பதத்தை இறக்குவது, எந்தப் பொருளை உலர்த்தலாம், எதை வீசவேண்டும் என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் கைவந்த கலை. கல்நார்காரர்களுக்கு அடைக்கத் தெரியும். கம்பளக்காரர்களுக்கு உலர்த்தத் தெரியும். இருவரும் சந்தித்த இடத்தில் பூஞ்சைத் தொழில் எழுந்தது.

கிளீவ்லாந்துக் குழந்தைகள்

வேலை முறை இருந்தாலும் அதற்குக் காசு கொடுக்க ஆள் வேண்டுமே. அந்த ஆட்களை அச்சம் கொண்டுவந்து சேர்த்தது.

1993, 1994 ஆண்டுகளில் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தது. மிக அரிதான நோய் ஒரே ஊரில் அடுத்தடுத்து வந்ததைக் கண்டு மருத்துவர்கள் திகைத்தார்கள். நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஆராய்ந்தது. குழந்தைகளின் வீடுகளில் பல, தண்ணீரில் ஊறிப் பாழானவை. அங்கே ஸ்டாக்கிபாட்ரிஸ் அதிகம் தென்பட்டதாக ஆய்வு சொன்னது. செய்தி பரவியதும், சுவரில் எங்கே கறுப்பு தெரிந்தாலும் பெற்றோர்கள் பதறினார்கள்.

2000 மார்ச்சில் அதே சிடிசி, அந்த ஆய்வை மறுபடி பரிசீலித்து, கணக்கிட்ட முறையில் குறைகள் இருந்தன என்றும், பூஞ்சைக்கும் நுரையீரல் ரத்தக்கசிவுக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றும் வெளிப்படையாக அறிவித்தது. ஓர் அரசு நிறுவனம் தன் முடிவைத் தானே திருத்திக்கொள்வது எளிதல்ல. அதைச் செய்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் முதல் செய்தி போன தூரத்துக்கு இரண்டாவது செய்தி போகவில்லை.

இதற்கிடையே நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 1993-இலேயே ஸ்டாக்கிபாட்ரிஸை அகற்றும் வழிகாட்டியை வெளியிட்டிருந்தது. 2000-இல் எல்லாப் பூஞ்சைகளுக்கும் பொருந்துமாறு அதை விரித்து எழுதியது. பூஞ்சையின் பெயரைவிட, படர்ந்திருக்கும் பரப்பைப் பார்த்து வேலையின் அளவைத் தீர்மானிக்கலாம் என்றது அந்த வழிகாட்டி. 10 சதுர அடிக்குள் என்றால் எளிய வேலை. 100 சதுர அடியைத் தாண்டினால் முழு அடைப்பு, முழுக் கவச உடை, தேர்ந்த ஆட்கள். 2001-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏ, பள்ளிகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் தன் வழிகாட்டியை வெளியிட்டது. நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வராது என்று அது சொன்ன விதி, இன்றும் தொழிலின் முதல் பாடம்.

டெக்சாஸ் தீர்ப்பு

2001 ஜூனில் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் ஒரு ஜூரி தீர்ப்புச் சொன்னது. டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் இருந்த ஒரு பெரிய மாளிகையில் குழாய் ஒழுகித் தரை கெட்டது. இன்ஷூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டைச் சரியாகக் கையாளாமல் இழுத்தடித்ததால் பூஞ்சை வீட்டையே விழுங்கிவிட்டது என்று வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருந்தார். ஜூரி அவருக்கு 3 கோடியே 21 லட்சம் டாலர் தரச் சொன்னது. பூஞ்சையால் உடல்நலம் கெட்டது என்ற சாட்சியத்தை நீதிபதி ஜூரியின் முன் அனுமதிக்கவில்லை. தீர்ப்பு முழுக்க வீட்டைப் பற்றியது, இன்ஷூரன்ஸ் நடத்தையைப் பற்றியது. 2002 டிசம்பரில் மேல்முறையீட்டு மன்றம் அந்தத் தொகையைச் சுமார் 40 லட்சம் டாலராகக் குறைத்தது.

இங்கேயும் பெரிய எண்தான் ஊரைச் சுற்றியது. 2003-இல் தொலைக்காட்சிப் பிரபலம் எட் மக்மேன் தம் வீட்டுப் பூஞ்சைக்காக 72 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார். பூஞ்சை என்றால் பொன் என்று வக்கீல்கள் மத்தியில் ஒரு பேச்சே கிளம்பியது. டெக்சாஸில் இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிந்தன. நேற்றுவரை கம்பளம் துவைத்தவர்கள், ஓடு மாற்றியவர்கள், எந்த வேலையும் தெரியாதவர்கள் எல்லாரும் வேனில் ‘பூஞ்சை நிபுணர்’ என்று எழுதிக்கொண்டு கிளம்பினார்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 2002 முதல் டெக்சாஸில் பூஞ்சைக்குப் பொறுப்பில்லாத பாலிசிகளை விற்க அனுமதி கிடைத்தது; பிற மாநிலங்களிலும் பூஞ்சைக்கு விலக்கோ உச்சவரம்போ பாலிசிக்குள் நுழைந்தது.

அந்தக் காலத்து ஏமாற்று எளிமையானது. ஒருவர் வீட்டுக்கு வந்து இலவசமாகக் காற்றைச் சோதிப்பார். வித்து எண்ணிக்கை என்று ஒரு பெரிய எண்ணைக் காட்டுவார். வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று கேட்பார். பிறகு அவரே சுத்தம் செய்யும் செலவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பார். வேலை முடிந்ததும் அவரே மறுபடி சோதித்துச் சுத்தமாகிவிட்டது என்பார். காற்றில் பூஞ்சை வித்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று அமெரிக்க மத்திய அரசு அன்றும் வரம்பு வைக்கவில்லை, இன்றும் வைக்கவில்லை. ஜன்னலைத் திறந்தாலே வெளியிலிருந்து ஆயிரக்கணக்கில் வித்துகள் வரும். வரம்பே இல்லாத ஓர் எண்ணைக் காட்டித் தாயைப் பயமுறுத்துவதைத் தொழில் என்று சொல்லக்கூடாது.

சட்டம் போட்ட கோடு

2003-இல் டெக்சாஸ் சட்டமன்றம் பூஞ்சைத் தொழிலுக்கு லைசென்ஸ் சட்டம் இயற்றியது. தொடர்ச்சியாக 25 சதுர அடிக்குக் குறையாமல் படர்ந்த பூஞ்சையை அகற்ற லைசென்ஸ் வேண்டும். ஒப்பந்ததாரருக்குப் பயிற்சியும் பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். சட்டத்தின் உயிர் இன்னொரு விதியில் இருக்கிறது: ஒரே வேலையில் சோதிப்பவரும் அகற்றுபவரும் ஒருவராக இருக்கக்கூடாது.

சோதிப்பவர் எங்கே பூஞ்சை, எதுவரை அறுக்கவேண்டும், எப்படி அடைக்கவேண்டும் என்று எழுதித் தருகிறார். அகற்றுபவர் அதன்படி தம் வேலைத் திட்டத்தை எழுதிச் செய்கிறார். முடிந்தபின் சோதிப்பவர் திரும்பி வந்து பார்த்தாலொழிய வேலை முடிந்ததாகாது. பிறகு வீட்டுக்காரருக்கு ஒரு சான்றிதழ். பூஞ்சை அகற்றப்பட்டது என்பதோடு, அதற்கு மூலமான ஈரம் சரிசெய்யப்பட்டதா என்பதும் அதில் பதிவாகிறது. வீட்டை விற்கும்போது அதை வாங்குகிறவரிடம் காட்டவேண்டும்.

நோய் இருக்கிறது என்று சொல்வதால் லாபம் பெறாத ஒருவர்தான் நோய் இருக்கிறதா என்று சொல்லவேண்டும். இந்த ஒரு கோடு விழுந்த பிறகுதான், நல்ல வேலைக்காரருக்கும் ஏமாற்றுக்காரருக்கும் வித்தியாசம் காட்ட ஒரு வழி பிறந்தது. ஃப்ளோரிடா 2007-இல் சட்டம் இயற்றியது. நியூயார்க் மாநிலத்தின் சட்டம் 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டும் இதே பிரிவினையை வைத்திருக்கின்றன. பல மாநிலங்களில் இன்னும் லைசென்ஸே கிடையாது. அங்கே வீட்டுக்காரரின் எச்சரிக்கையும் தொழில்காரரின் மனசாட்சியும்தான் காவல்.

அதே 2003-இல் ஐஐசிஆர்சி, பூஞ்சை நீக்கத்துக்கென எஸ்520 தர விதிகளை வெளியிட்டது. அது எண்ணிக்கையை விட்டுவிட்டு நிலையைப் பார்க்கச் சொன்னது. முதல் நிலை, இயல்பான வீடு. இரண்டாம் நிலை, வேறெங்கோ வளர்ந்ததன் வித்துகள் வந்து படிந்த இடம். மூன்றாம் நிலை, பூஞ்சையே வளர்ந்து நிற்கும் இடம். மற்ற இரண்டையும் முதல் நிலைக்குக் கொண்டுவருவதே வேலை. மருந்தடித்துக் கொல்வதோடு நிறுத்தக்கூடாது என்று அது அழுத்திச் சொல்கிறது. செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும், ஆகவே பெயர்த்து எடுத்தாகவேண்டும். 2004-இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் ஆய்வுகளையெல்லாம் திரட்டி, ஈரமான வீடுகளுக்கும் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமாக்காரர்களின் தொல்லைக்கும் தொடர்பு இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னது. நுரையீரல் ரத்தக்கசிவுக்குச் சான்று போதவில்லை என்றது. பயத்துக்கும் அலட்சியத்துக்கும் நடுவே நிற்க இப்போது ஓர் இடம் கிடைத்தது.

நியூ ஆர்லியன்ஸ்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி கரையேறியது. வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. வாரக்கணக்கில் தண்ணீர் நின்றது, மின்சாரம் இல்லை, மக்கள் ஊரில் இல்லை. 48 மணி நேர விதிக்கு அங்கே பொருளே இல்லாமல் போயிற்று. அக்டோபரில் சிடிசி 112 வீடுகளைப் பார்த்தது. 46 சதவீதத்தில் கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை. 17 சதவீதத்தில் அது கடுமையாகப் படர்ந்திருந்தது.

அந்த நகரத்தைச் சுத்தம் செய்தவர்களில் பெரும்பகுதியினர் பேர் தெரியாதவர்கள். வீட்டுக்காரர்கள், தேவாலயங்களிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் வந்த தொண்டர்கள், லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். பலகையைக் கூரைவரை பிய்த்தெடுத்து, மரச்சட்டம் மட்டும் நிற்கும்வரை வீட்டைக் குடைந்தார்கள். நனைந்த மெத்தையும் குளிர்பெட்டியும் தெருவோரத்தில் மலையாகக் குவிந்தன. அவர்களில் பலருக்கு நல்ல முகக்கவசம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு வீட்டைக் குணப்படுத்துகிறவரின் நுரையீரலும் அந்தத் தொழிலின் கணக்கில் வரவேண்டும். பாதுகாப்பு உடையின் விலையைக் குறைத்து மிச்சம் பிடிக்கிறவரிடம் வீட்டைக் கொடுக்கக்கூடாது, வேலைக்கும் போகக்கூடாது.

இன்று தொடங்குகிறவருக்கு

இந்தத் தொழிலை இன்று தொடங்குகிறவர் வாங்கும் கருவிகளில் அதன் பிறப்பு வரலாறே இருக்கிறது. ஹெப்பா ஃபில்டர் அணுகுண்டுத் திட்டத்தில் பிறந்தது. பாலித்தீன் திரையும் காற்றை வெளித்தள்ளும் இயந்திரமும் கல்நார் வேலையிலிருந்து வந்தவை. ஈரமானியும் ஈரநீக்கியும் கம்பளக்காரர்களின் கொடை. வேலைத் திட்டமும் சான்றிதழும் டெக்சாஸ் சட்டத்தின் விளைவு. கருவிகளைக் கடனுக்குக்கூட வாங்கிவிடலாம். வாங்கமுடியாத இரண்டு விஷயங்கள் உண்டு.

முதலாவது, தண்ணீரைத் தேடும் கண். பூஞ்சை வெறும் அறிகுறி. கூரை எங்கே கசிகிறது, ஜன்னல் விளிம்பில் தகடு சரியாக இருக்கிறதா, குளியலறை விசிறி காற்றை வெளியே விடுகிறதா அல்லது பரணுக்குள் விடுகிறதா, ஏசி தட்டில் நீர் தேங்குகிறதா, வீட்டைச் சுற்றி மண் சரிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கத் தெரியவேண்டும். ஈரத்தை நிறுத்தாமல் சுவரை மாற்றுகிறவர், அதே வீட்டுக்கு அடுத்த ஆண்டும் வேலைக்கு வருவதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறார். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 30-க்கும் 50-க்கும் இடையே இருக்கவேண்டும் என்பது ஈபிஏ சொல்வது. சில டாலருக்குக் கிடைக்கும் ஓர் ஈரப்பதமானியை வாடிக்கையாளரின் வீட்டில் விட்டுவிட்டு வருவது, ஆயிரம் விளம்பரத்தைவிட நல்ல காரியம்.

இரண்டாவது, வேண்டாம் என்று சொல்லும் துணிவு. 10 சதுர அடிக்குக் குறைவான பூஞ்சையைப் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் தாங்களே நீக்கிக்கொள்ளலாம் என்று ஈபிஏ கூறுகிறது. கெட்டியான பரப்பைச் சோப்புநீரால் தேய்த்து உலர்த்தினால் போதும். ப்ளீச்சைத் தெளிப்பது வழக்கமாகச் செய்யவேண்டிய வேலையே இல்லை என்றும் அது சொல்கிறது. பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், அது எந்த வகை என்று சோதிக்கப் பெரும்பாலும் தேவையில்லை. இவை ஒவ்வொன்றும் தொழில்காரரின் வருமானத்தைக் குறைக்கும் உண்மைகள். அவற்றை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் சுவரை அறுக்கிறவரால்தான் இந்தத் தொழில் நிமிர்ந்து நிற்கிறது.

நோய்வாய்ப்பட்ட குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் பெற்றோரிடம், வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்த முதியவரிடம் போய் நிற்கும் தொழில் இது. அவர்கள் பயந்திருக்கும் நேரத்தில்தான் கதவைத் திறக்கிறார்கள். அந்தப் பயத்தைக் கூட்டினால் அன்றைக்குப் பணம் வரும். அதைக் குறைத்து, ஈரம் எங்கே என்று காட்டி, சோதிப்பதை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, தன் வேலையை மட்டும் சுத்தமாகச் செய்கிறவரைத்தான் வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்குச் சிபாரிசு செய்வார். சட்டம் இருக்கும் மாநிலத்தில் இந்தப் பிரிவினை கட்டாயம். சட்டம் இல்லாத மாநிலத்தில் தொழில் தொடங்குகிறவர், அந்தக் கோட்டைத் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளட்டும்.